நான்கு மைக்ரான்

மகுடேஸ்வரி முப்பத்து மூன்று வருடமாக ஒரே ஒரு சொல்லைச் சொல்லிச் சம்பளம் வாங்கியவள். அந்தச் சொல் 'ஆகாது'.

'தரக்கட்டுப்பாட்டு மேலாளர்' என்று அறைக் கதவில் பலகை இருந்தது. ஆலையில் யாரும் அப்படி அழைத்ததில்லை. 'அந்தம்மா வருது' என்பார்கள், அதுவும் தணிந்த குரலில். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள்கூட, எங்கே எழுத்துப்பிழை கண்டுபிடித்துவிடுவாளோ என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். இரண்டு முறை கண்டுபிடித்தும் இருக்கிறாள். ஒன்றில் முகூர்த்தத் தேதிக்கும் கிழமைக்கும் பொருத்தமே இல்லை. அந்தக் குடும்பம் இன்றைக்கும் தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்தனுப்புகிறது.

கோயமுத்தூருக்கு வடக்கே, சின்னவேடம்பட்டியில் இருந்த அந்த ஆலை ஒரே ஒரு பொருளைத்தான் செய்தது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு மூச்சுக் கொடுக்கும் கருவியில் ஒரு வால்வு உண்டு. அந்த வால்வுக்குள் மேலும் கீழும் ஓடுகிற எஃகுத் தண்டு, நெல்மணியை நெட்டுக்கு நிறுத்தியது போல அவ்வளவே இருக்கும். அதன் பருமன் இரண்டு மைக்ரான் கூடலாம், இரண்டு மைக்ரான் குறையலாம். தலைமுடி ஒன்றை முப்பத்தைந்தாகப் பிளந்தால் அதில் ஒரு பங்குதான் இரண்டு மைக்ரான். அதற்கு மேல் தடித்தால் தண்டு வால்வுக்குள் சிக்கும். சிக்கினால் என்ன ஆகும் என்று ஆலையில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மகுடேஸ்வரி பொறுப்பிலிருந்த காலத்தில் ஒரு தண்டுகூடத் திரும்பி வந்ததில்லை. அது அவளுடைய கர்வம். நகை நட்டு மேல் ஆசை இல்லாதவள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கழுத்து நிறையப் போட்டுக்கொண்டவள் மாதிரி நடப்பாள்.

இரண்டாயிரத்து அறுபத்தொன்றாம் வருடம் ஆவணி மாதம் அவளுக்கு ஓய்வு. அவள் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. 'நிழல்' என்ற கணினி மூளை ஒன்றை வாங்கினார்கள். அதை நிறுவ வந்தவள் நஸ்ரின், உக்கடத்துக்காரி. நாற்பதைத் தாண்டியவள், இரண்டு பிள்ளைகளின் தாய். எதையும் தேன் தடவிச் சொல்லத் தெரியாது. அதனாலேயே மகுடேஸ்வரிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

"நான் எதை வெச்சு முடிவு எடுக்கறேன்னு எழுதிக் குடுத்துரட்டுமா?" என்று முதல் நாள் மகுடேஸ்வரி கேட்டாள்.

"வேண்டாம் மேடம். எதை வெச்சு முடிவு எடுக்கறோம்னு யாருக்குமே முழுசாத் தெரியாது. கேட்டா ஏதாவது நல்லதாச் சொல்லுவாங்க. அதனால எங்க ஆளுக கேட்கறதே இல்ல. உங்க பழைய ரிஜிஸ்டர் அத்தனையும் குடுத்துருங்க. யார் அரைச்சாங்க, என்ன கிழமை, எந்த மிசின், யாரு லீவுல போனாங்க, யாரு வந்தாங்க, கேட்டுல எத்தன மணிக்கு உள்ள வெளிய, எல்லாம் வேணும். அதுவே பாத்துத் தெரிஞ்சுக்கும்."

தெரிந்துகொண்டது. கூட்டங்களில் பதிவான அவள் பேச்சைக் கேட்டு அவள் குரலிலேயே பேசவும் செய்தது. கொங்குத் தமிழ் மாறாமல், 'ங்க' ஒன்று குறையாமல். தொழிலாளிகள் அதற்கு 'சின்ன மகுடம்' என்று பெயர் வைத்தார்கள். 'பெரியவங்க கிட்டயாச்சும் டீ டயத்துல தப்பிக்கலாம், சின்னவங்க டீயே குடிக்க மாட்டீங்கறாங்க' என்று கேண்டீனில் ஒரே சிரிப்பு. ஆயிரம் தண்டுகளை இருவரும் தனித்தனியே பார்த்தார்கள். ஆயிரத்திலும் ஒரே முடிவு. மகுடேஸ்வரிக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

ஓய்வுக்கு ஐந்து வாரம் இருக்கையில் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிட்டு அவள் சும்மா உட்கார்ந்தாள். சும்மா இருப்பது அவளுக்கு வராத வித்தை. மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கை அரிப்புத் தாங்காமல், தேர்வாகி வெளியே போகக் காத்திருந்த பெட்டி ஒன்றைத் திறந்தாள். தன் கை மைக்ரோமீட்டரை எடுத்து ஒவ்வொன்றாக அளந்தாள். ஆறு தண்டுகள் சரியாக இருந்தன. ஏழாவது நான்கு மைக்ரான் தடிப்பு.

கைச்சூடு பட்டால் எஃகு உப்பும். தண்டைக் கருங்கல் பலகையில் வைத்து இருபது நிமிடம் ஆறவிட்டாள். மறுபடி அளந்தாள். நான்கு.

"கண்ணு, இதை நீதானே பாஸ் பண்ணுன?"

"ஆமாங்க. நாலு மைக்ரானுங்க. பாஸுங்க."

"ரெண்டுக்கு மேல ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க. ஆனா நீங்க பாத்திருந்தாலும் இதைப் பாஸ்தான் பண்ணியிருப்பீங்க."

"நானா? எந்தக் காலத்துல?"

"ரெண்டாயிரத்து முப்பத்தொண்ணாம் வருசமுங்க. இரநூத்திப் பன்னெண்டு தடவை. ஒண்ணைக்கூட நீங்க திருப்பலீங்க. அரைக்கறவங்க வீட்டுல சாவு விழுந்து, லீவு முடிஞ்சு மறுபடி மிசினுக்கு வந்தா, எட்டு மாசம் வரைக்கும் நாலு மைக்ரான் ஏத்துக்கலாமுங்க. இது நீங்க வெச்ச விதிங்க."

அவள் குரலில், அவள் பணிவோடு, அவளுக்கே அது சொன்னது. ஏழாவது தண்டை அரைத்தவர் வேலுச்சாமி. போன மாதம் அவர் மனைவி இறந்துபோனாள். பன்னிரண்டாம் நாள் வேலைக்கு வந்துவிட்டார். 'வூட்டுல உக்காந்தா சொவரு பேசுதுங்க மேடம்' என்றார். அவள் தலையாட்டினாள்.

தன்னைப் பற்றி யோசிக்கும் முன் செய்ய வேண்டியதைச் செய்தாள். நிழலை நிறுத்தினாள். சரக்கு அனுப்பும் இடத்துக்குப் போன் செய்து லாரியை மறித்தாள். இப்படித் தடித்தவை இதுவரை எத்தனை போய்விட்டன என்று கணக்கெடுத்தாள். அறுபத்தொன்று. ஐம்பத்தெட்டு தண்டுகள் ஆஸ்பத்திரி அலமாரிகளில் உதிரியாக இருந்தன. மூன்று கருவிகளில் பொருத்தியாகிவிட்டது. ஒவ்வோர் ஆஸ்பத்திரியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். பதினோரு மணிக்குச் சேலத்திலிருந்து பதில் வந்தது. அன்று விடியற்காலையே அங்கே ஒரு கருவி நின்றுவிட்டதாம். அறுநூறு கிராம் எடைகூட இல்லாத பெண் குழந்தை. மாற்றுக் கருவி வரும்வரை ஒரு நர்ஸ் நாற்பது நிமிடம் கையால் பை அமுக்கி மூச்சுக் கொடுத்திருக்கிறாள். குழந்தை பிழைத்துக்கொண்டது.

மகுடேஸ்வரி கழிவறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

திரும்பி வந்தபோது நஸ்ரின் திரையில் பழைய ரிஜிஸ்டரின் பக்கங்களை விரித்து வைத்திருந்தாள். "மேடம், இது உங்க கையெழுத்துதானே? பக்கத்துக்குப் பக்கம் நாலு மைக்ரான், மூணரை மைக்ரான்னு எழுதி, எதிர்த்தாப்புல ஓகே முத்திரை. எனக்குப் புரியல. நீங்க அப்படிப்பட்ட ஆளே இல்ல."

மகுடேஸ்வரி சொன்னாள். முப்பது வருடம் வாயைத் திறக்காத விஷயம்.

அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. வெறும் பரிசோதகி. மேலாளர் கனகசபாபதி சார். அவர் முகத்தில் சிரிப்பு வருவதற்குள் நொய்யல் ஆற்றில் வெள்ளமே வந்து வடிந்துவிடும் என்பார்கள். அரவை மிசினில் சுகந்தி இருந்தாள். ஆலையிலேயே சுத்தமான கை. அவளுக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள் போய்விட்டது. அந்த ஒன்பது நாளும் குழந்தை இதே கருவியில்தான் இருந்தது. ஒரு மாதம் கழித்து வேலைக்கு வந்தவள் அதே தண்டை அரைக்க உட்கார்ந்தாள். கை பழைய கையாக இல்லை. தண்டுகள் தடித்தன.

ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. அளவு தப்பினால் மறுவேலைச் சீட்டு எழுத வேண்டும். ஒரே ஆள் பேரில் மாதத்துக்கு மூன்று சீட்டு விழுந்தால் மிசினை விட்டு இறக்கிவிடுவார்கள். சுகந்தி பேரில் இரண்டு விழுந்த அன்று, அவள் மகுடேஸ்வரியின் மேசையைப் பிடித்துக்கொண்டு, 'இந்த மிசினையும் புடுங்கிட்டா நான் எதைப் புடிச்சுட்டு நிக்கறதுங்கக்கா?' என்று கேட்டாள்.

"அதுக்கப்பறம் நான் சீட்டே எழுதல நஸ்ரின். சாயங்காலம் ஷிப்ட் முடிஞ்சு எல்லாரும் போனப்பறம், தடிச்ச தண்டுகளை எடுத்து, வார்ப்பிரும்பு வளையத்துல வைரத்தூள் பசை தடவிக் கையாலயே தேச்சேன். ஒரு தண்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். எட்டு மாசம். ஒரு நாள் சுகந்தி கை தானாத் தெளிஞ்சுது. நானும் நிறுத்திட்டேன்."

"அப்ப தேச்சதுக்கு அப்பறம் வந்த அளவை எழுதியிருக்கலாமே?"

"முதல்ல என்ன அளவு வந்துதோ அதைத்தான் எழுதோணும், அழிக்கக்கூடாதுன்னு பழக்கம். பொய் அளவு எழுதக் கை வரல. தேச்சேன்னு எழுதுனா சீட்டு எங்கன்னு கேப்பாங்க. அதனால முதல் அளவை எழுதி, முத்திரையைக் குத்தி வெச்சேன். வாரா வாரம் ரிஜிஸ்டர் கனகசபாபதி சாருக்குப் போகும். புரட்டாமயே கையெழுத்துப் போட்டுருவார். அந்தத் தைரியந்தான்."

நஸ்ரின் அந்தப் பக்கங்களை இன்னொரு முறை புரட்டினாள். "உங்க இரக்கம் ரிஜிஸ்டர்ல இருக்கு மேடம். தேச்ச முக்கால் மணி நேரம் இல்ல. அது பாவம், இருக்கறதத்தானே கத்துக்கும்."

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒரு வழி இருக்கு. இந்த ரிஜிஸ்டரையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துனவர் தங்கராசுன்னு ஒருத்தர். அவர் எண்ணைத் தப்பா அடிச்சுட்டார்னு ஒரு வரி எழுதினாப் போதும். கையெழுத்து ரிஜிஸ்டரைப் போய் யாரும் தேட மாட்டாங்க. அவர் செத்து ஆறு வருசமாச்சு, குடும்பம் குட்டி கெடையாது. யாருக்கும் நஷ்டமில்ல. உங்க பேரு அப்படியே இருக்கும்."

மகுடேஸ்வரிக்கு ஆசை வராமல் இல்லை. முப்பத்து மூன்று வருடத்துப் பேர். வழியனுப்பு விழாவுக்கு மேடை போடக்கூட ஆள் சொல்லியாயிற்று. தங்கராசு நல்ல மனுஷன், உயிரோடு இருந்தாலும் 'போட்டுக்கங்க மேடம்' என்றுதான் சொல்லியிருப்பார். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள்.

"நான் எழுதற அந்த ஒரு வரியையும் அது படிக்குமல்ல?"

"படிக்கும். இனி நீங்க எழுதற எல்லாத்தையும் படிக்கும்."

"அப்ப வேண்டாம். தப்பு நடந்தா செத்தவன் மேல போட்டுறலாம்னு நாளைக்கு அதுவும் பழகிக்கும். இரக்கத்தை அரைகுறையாப் படிச்சதுக்கே ஒரு கொழந்தை மூச்சு நிக்கப் பாத்துது. இதையும் படிச்சா என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாது."

நிர்வாக இயக்குநரிடம் போகும் முன் ஒரு போன் பேச வேண்டியிருந்தது. சுகந்தி வேலையை விட்டுப் பொள்ளாச்சியில் தையல் கடை வைத்து இருபது வருடம் ஆகிறது. எப்போதாவது பேசிக்கொள்வார்கள்.

"சுகந்தி, பழசு ஒண்ணைச் சொல்லியாகோணும். உன் பேரும் அதுல வருது. நீ வேண்டாம்னா பேரில்லாமச் சொல்லப் பாக்கறேன்."

அந்தப் பக்கம் தையல் மிசின் நின்றது. "அந்த எட்டு மாசமுங்களா?"

"உனக்குத் தெரியுமா?"

"ஏனுங்கக்கா, நான் அரைக்கற தண்டு தடிக்குதுன்னு எனக்குத் தெரியாமயா இருக்கும்? கல்லுச் சத்தத்துலயே தெரியும். சாயங்காலம் பஸ்ஸுக்கு நிக்கறப்ப உங்க ரூம்புல லைட்டு எரியறதையும் பாத்திருக்கனுங்க. வந்து காலுல விழுந்துருவனோன்னு பயந்துட்டு ஓடிப்போயி பஸ் ஏறிக்குவனுங்க." சுகந்தி மூக்கை உறிஞ்சினாள். "பேரைச் சொல்லுங்கக்கா. நல்லாச் சொல்லுங்க."

சொன்னாள். இயக்குநர் கத்தவில்லை, அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. விழா இல்லை. ஓய்வுக்கு மீதியிருந்த இரண்டு வாரம் இந்த வெள்ளிக்கிழமை என்று சுருங்கியது. முப்பத்து மூன்று வருடத்துக்கான பாராட்டுப் பத்திரம் அச்சாகாமலே திரும்பி வந்தது. அறுபத்தொரு தண்டுகளும் திரும்பி வந்தன. ஆலையின் சரித்திரத்தில் முதல் முறையாக, அவள் பொறுப்பில் இருக்கும்போதே.

வேலுச்சாமியை இறக்கிவிடலாம் என்றார்கள். சீட்டு எழுதினால் மூன்று என்ன, இருபது விழும். அப்போதுதான் மகுடேஸ்வரிக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. மூன்று சீட்டு வழக்கத்தை உண்டாக்கியவர் யாரோ. ஆனால் பதினெட்டு வருடம் மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்தவள் அவள்தான். ஒரு கையெழுத்தில் அதை எடுத்திருக்கலாம். சுகந்திக்காக எட்டு மாதம் விரல் தேயத் தேய்த்தவளுக்கு, அடுத்த சுகந்திக்காக ஒரு தாளில் நாலு வரி எழுதத் தோன்றவே இல்லை. 'ஆகாது' என்று சொல்லிச் சொல்லியே காலம் போய்விட்டது.

புதன்கிழமை அந்தத் தாளை எழுதினாள். சாவு வீட்டிலிருந்து வந்தவர்களுக்கு எட்டு மாதம் சீட்டுக் கணக்குக் கிடையாது. தடித்த தண்டை இன்னொருவர் தேய்த்துக் கொடுக்கலாம், அதை மறைக்காமல் பதிய வேண்டும். இயக்குநர் நீண்ட நேரம் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவருடைய அப்பா இறந்த வருடம் அவரும் ஏதோ தப்புப் பண்ணியிருப்பார் போல.

வியாழக்கிழமை பிற்பகல், நிழலை மறுபடி இயக்கி, விடுபட்டதைச் சொல்லிக்கொடுக்க அவள் உட்கார்ந்தாள். பக்கத்தில் நஸ்ரின்.

"கண்ணு, அந்த இரநூத்திப் பன்னெண்டையும் நான் அப்படியே விடல. ஒவ்வொண்ணையும் சாயங்காலம் தேச்சு, கை மைக்ரோமீட்டர்ல அளந்து, அப்பறந்தான் அனுப்புனேன். தேச்சதை எழுதாம விட்டது என் தப்பு."

"சரிங்க, பதிஞ்சுக்கறனுங்க." உடனே அது கேட்டது. "தேச்சு முடிச்ச தண்டை எங்க வெச்சுட்டுப் போவீங்க?"

"தேர்வான பெட்டியிலதான். ஏன்?"

"அப்படீன்னா இத்தன நாளா எனக்குப் புரியாத ஒண்ணு இப்பப் புரியுதுங்க. உங்க ரூம்பு அளவுக்கருவியில தண்டு நம்பர் இல்லாத அளவு கொஞ்சம் இருந்துதுங்க. எந்தத் தண்டு, யாரு அரைச்சதுன்னு எதுவுமே இல்ல. உதவாதுன்னு ஒதுக்கி வெச்சிருந்தனுங்க. நீங்க கேட்டைத் தாண்டிப் போன நாளுகள்ல, நீங்க போயிக் கால் மணி நேரம் கழிச்சு எடுத்த அளவுங்க. மொத்தம் இரநூத்திப் பத்தொம்பது."

"ஆரு எடுத்தது?"

"ஆள் நம்பர் பதினாலுங்க. கனகசபாபதி."

மகுடேஸ்வரி நஸ்ரினைப் பார்த்தாள். நஸ்ரின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்டு இரநூத்திப் பன்னெண்டுதானே? அளவு எப்படி இரநூத்திப் பத்தொம்பது?"

"ஏழு தண்டை ரெண்டு தடவை அளந்திருக்காருங்க. மொதத் தடவை எல்லையைத் தாண்டி ஒரு மைக்ரான் கூட இருந்துதுங்க. ரெண்டாந்தடவை சரியா இருந்துதுங்க. நடுவுல முக்கால் மணி நேரம் இடைவெளி. அந்த முக்கால் மணி நேரத்துல என்ன நடந்துதுன்னு எங்கிட்டப் பதிவு இல்லீங்க."

அவளுக்குப் பதிவு தேவைப்படவில்லை. புரட்டாமல் கையெழுத்துப் போடுவதாக அவள் நம்பிய மனிதர் ஒவ்வொரு பக்கத்தையும் படித்திருக்கிறார். தினமும் அவள் போகும்வரை எங்கோ இருட்டில் உட்கார்ந்திருந்து, பிறகு வந்து அவள் வேலையைச் சோதித்திருக்கிறார். அவசரத்தில் அவள் குறையாக விட்ட ஏழு தண்டுகளை, கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அதே வளையத்தில் அவரே தேய்த்திருக்கிறார். மறுநாள் காலை வழக்கம்போல முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, 'என்னம்மா, ரீடிங் ஒழுங்கா எடுக்கறயா?' என்று கேட்டிருக்கிறார். அவர் ஓய்வு பெற்ற அன்று அவர் கழுத்தில் மாலை போட்டவள் இவள்தான். அன்றும் ஒன்றும் சொல்லவில்லை. இறந்து பதினாறு வருடம் ஆகிறது.

அந்த ஏழு தண்டுகளால் மூச்சுப் பெற்ற குழந்தைகளுக்கு இப்போது முப்பது வயது இருக்கும். எங்கேயோ வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். அதை நினைத்தபோது அவளால் அடக்க முடியவில்லை. கர்வம் போன இடத்தில் இத்தனை நிம்மதி இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. நஸ்ரின் கைக்குட்டையை நீட்டினாள்.

"அந்த ஏழு தண்டையும் எப்படிப் பதியறதுங்க?" என்று அது கேட்டது. "மூலப் பதிவுல உங்க முத்திரை ஓகேன்னு இருக்குதுங்க."

"ரிஜெக்ட்னு போடு."

"ஆரு பேருலங்க?"

"என் பேருலதான். தேச்சது நானு, தப்பு விட்டது நானு. புடிச்சது அவரு. அவரு பேரை எழுத மறந்துறாத."

"எழுதிட்டனுங்க. அப்ப விதி முழுசாச்சுங்க. ஒருத்தர் தேய்க்கோணும், இன்னொருத்தர் அளக்கோணும். ஒரே ஆள் ரெண்டையும் பண்ணக்கூடாது. அளக்க நான் இருக்கறனுங்க."

வெளியே ஷிப்ட் மணி அடித்தது. மகுடேஸ்வரி முகத்தைக் கழுவிக்கொண்டு வேலுச்சாமியின் மிசினுக்குப் போனாள். அவர் அன்று அரைத்ததில் தடித்தவை ஐந்து. தட்டைப் பார்த்தபடி நின்றிருந்தார். "எனக்கே தெரியாமத் தடிச்சுப் போகுதுங்க மேடம்" என்றார்.

"குடுங்கண்ணா. நீங்க வூட்டுக்குக் கெளம்புங்க. இல்லாட்டி இங்கயே உக்காந்து பேசிட்டிருங்க, உங்க இஷ்டம்."

அவர் உட்கார்ந்துகொண்டார். முதலில் மழையைப் பற்றிப் பேசினார், பிறகு மனைவியைப் பற்றி. அவள் கேட்டுக்கொண்டே ஐந்தையும் தேய்த்து, ஆறவைத்து, சின்ன மகுடத்தின் முன்னால் கொண்டுபோய் வைத்தாள். மூன்றைச் சரி என்றது. இரண்டைத் திருப்பிக் கொடுத்தது. அவள் மறுபேச்சுப் பேசாமல் அவற்றை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, வேலுச்சாமியின் பக்கத்தில் மறுபடி உட்கார்ந்தாள்.